கமெண்டுக்கும் இலக்கணம் உண்டு

"கமெண்டில் என்ன வேண்டுமானாலும் எழுதலாம், கம்பைலர் கண்டுகொள்ளாது" என்றுதான் கல்லூரியில் படித்தேன். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் மாதமே அந்தப் பாடம் காலை வாரிவிட்டது.

ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஓடவேண்டிய ஜாவா நிரல் அது. பின்னால் வருகிறவருக்கு உதவட்டுமே என்று கமெண்டில் கிரான் அட்டவணையை உதாரணம் காட்டினேன்: */5 * * * *. உடனே திரை முழுக்கப் பிழைகள். நிரலில் ஒரு எழுத்தைக்கூடத் தொடவில்லையே! ஒரு மணி நேரம் மண்டையை உடைத்துக்கொண்டேன். பக்கத்து இருக்கை அக்கா எட்டிப் பார்த்தார். "கமெண்டை நீயே மூடிட்டியேம்மா!"

இத்தகைய கமெண்ட் /** என்று தொடங்கி */ என்று முடியும். என் உதாரணத்தின் முதல் இரண்டு குறிகளே அந்த முடிவுக் குறிதான். மிச்சமெல்லாம் கம்பைலருக்கு நிரலாகிவிட்டது. சாய்கோட்டை எச்டிஎம்எல் எண்ணான 47-ஐக் கொண்டு எழுதியபிறகே பிழைகள் ஓய்ந்தன.

அந்த இரண்டு நட்சத்திரங்களைத் தேடிப் படிப்பது ஜாவாடாக் என்ற கருவி. 1996-ல் ஜாவாவின் முதல் பதிப்போடு வந்தது. ஒற்றை நட்சத்திரக் கமெண்டைத் தாண்டிப் போய்விடும். இரட்டை என்றால், வரிகளின் தொடக்கத்து நட்சத்திரங்களை உதறிவிட்டு, முதல் வாக்கியத்தைச் சுருக்கமாக எடுத்துக்கொள்ளும். புள்ளியும் அதன்பின் இடைவெளியும் வந்தால் வாக்கியம் முடிந்தது என்பது அதன் கணக்கு. 'டாக்டர்' என்பதை ஆங்கிலத்தில் இரண்டெழுத்தாகச் சுருக்கிப் புள்ளி வைத்தால், சுருக்கம் அங்கேயே அறுந்துவிடும்.

பிறகு @ குறிகள். @பாராம் என்றால் அடுத்த சொல் உள்ளீட்டின் பெயர், மீதி அதன் விளக்கம். @ரிட்டர்ன் என்றால் திரும்பி வரும் மதிப்பு. இவற்றைப் பிரித்து அடுக்கி இணையப் பக்கங்களாக்கித் தரும். @டெப்ரிகேட்டட் என்று எழுதினால் கம்பைலரே அதைப் படித்து, 'இது பழையது' என்று பயன்படுத்துகிறவரை எச்சரிக்கும். கண்டுகொள்ளாது என்று படித்தேனே, அதே கம்பைலர்தான்!

2014-ல் வந்த ஜாவா 8-லிருந்து ஜாவாடாக் இன்னும் கறார். உள்ளீட்டின் பெயரை நிரலில் மாற்றிவிட்டுக் கமெண்டில் பழைய பெயரையே விட்டுவைத்தால் பிழை காட்டும். ஆனால் நிரல் நொடியில் கணக்கிட, கமெண்ட் நிமிடம் என்று சொன்னால் அதற்குத் தெரியாது. பெயரைத்தான் அது சரிபார்க்கும், உண்மையை அல்ல. நிரலைத் திருத்தினால், கையோடு மேலே இருக்கும் கமெண்டையும் ஒருமுறை படித்துவிடுங்கள்.