ஒரே அணி, எத்தனை சேனல்? அமெரிக்க பேஸ்பால் ஒளிபரப்பின் பங்கீட்டுக் கணக்கு

அமெரிக்காவில் மகனோ மகளோ குடியிருக்க, ஆறு மாதம் அங்கே இருந்துவிட்டு வரும் பெற்றோர் நம் சங்கத்துக் குடும்பங்களில் அநேகம். அவர்கள் சொல்லும் ஒரு விஷயம் உண்டு. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை எந்த நாள் டிவியைப் போட்டாலும் எங்கேயாவது ஒரு பேஸ்பால் ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும். ஆனால் நேற்று ஆட்டம் காட்டிய சேனலில் இன்று ஏதோ சீரியல் ஓடும். அதே அணியின் ஆட்டம் இன்னொரு சேனலுக்குப் போயிருக்கும். நாளைக்கு இரண்டிலும் இல்லை, இன்டர்நெட்டில் தனியாகச் சந்தா கட்டினால்தான் என்பார்கள். "ஒரு டீம் ஆட்டத்தை ஒரே சேனல்ல காட்டினா என்ன குறைஞ்சு போயிடும்?" என்று கேட்கத் தோன்றுவது இயற்கை.

கேள்வி சின்னது. பதிலில் ஒரு நூற்றாண்டு வியாபாரச் சரித்திரமே அடங்கியிருக்கிறது. சொந்த ஊர் அணியின் ஆட்டத்தைப் பார்க்கும் வசதி யாருக்குக் கிடைக்கிறது, அதற்கான காசை யார் கட்டுகிறார்கள் என்பதுதான் அந்தச் சரித்திரத்தின் சாரம்.

உரிமை யாருடையது?

மேஜர் லீக் பேஸ்பாலில் 30 அணிகள். ஒவ்வொரு அணியும் ஒரு பருவத்தில் 162 ஆட்டங்கள் ஆட வேண்டும். ஆக மொத்தம் 2,430 ஆட்டங்கள். பத்து அணிகளோடு நடந்த 2022 ஐ.பி.எல். போட்டியில் லீக் சுற்றில் ஒரு அணிக்கு 14 ஆட்டம்தான் என்பதை நினைத்துப் பார்த்தால் இதன் அளவு புரியும். இத்தனை ஆட்டத்தையும் எந்த ஒரு தேசியச் சேனலும் காட்ட முடியாது.

ஐ.பி.எல்.லில் கிரிக்கெட் வாரியம் எல்லா ஆட்டங்களின் உரிமையையும் மொத்தமாக விற்று, வரும் பணத்தில் அணிகளுக்குப் பங்கு கொடுக்கிறது. அமெரிக்கக் கால்பந்தும் ஏறக்குறைய அப்படித்தான். 1961-ல் வந்த விளையாட்டு ஒளிபரப்புச் சட்டம், அணிகள் ஒன்றுசேர்ந்து உரிமையை விற்க வழிசெய்தது. பேஸ்பால் வேறு பாதையில் போனது. சனிக்கிழமை ஆட்டம், ஞாயிறு இரவு ஆட்டம், இறுதிச் சுற்றுகள் போன்ற சிலவற்றை மட்டும் லீக் தேசிய அளவில் விற்றது. மீதி ஆட்டங்களை அந்தந்த அணியே தன் ஊரில் விற்றுக்கொண்டது.

இதற்காக ஒவ்வொரு அணிக்கும் ஒளிபரப்பு எல்லை என்று ஒன்று வகுத்திருக்கிறார்கள். டொரண்டோ அணிக்குக் கனடா நாடு முழுவதுமே எல்லை. நியூயார்க் நகரத்தையோ யான்கீஸ், மெட்ஸ் என்று இரண்டு அணிகள் பகிர்ந்துகொள்கின்றன.

பணத்திலும் இதே பாகுபாடு. தேசிய ஒளிபரப்பில் வரும் தொகை 30 அணிகளுக்கும் சமமாகப் பிரிகிறது. உள்ளூர் ஒளிபரப்புப் பணம் அந்த அணியுடையது. அணிகளுக்கிடையேயான ஒப்பந்தப்படி உள்ளூர் வருமானத்தில் 48 சதவீதத்தைப் பொதுவில் போட்டுப் பங்கிட்டுக்கொள்ள வேண்டும் என்று ஏற்பாடு வந்தது. அதற்குப் பிறகும் பெரிய ஊர் அணி பெரிய பணக்காரனாகவே இருந்தது. ஏன்னா, பார்க்கும் வீடுகள் அங்கேதானே அதிகம்.

இலவசம் என்பது விதைநெல்

1921 ஆகஸ்ட் 5-ஆம் தேதி பிட்ஸ்பர்க் நகரில்தான் மேஜர் லீக் ஆட்டம் முதன்முதலாக வானொலியில் ஒலித்தது. அணி முதலாளிகள் பலருக்கு இது பிடிக்கவில்லை. வீட்டிலேயே சும்மா கேட்க முடிந்தால் டிக்கெட் வாங்கி மைதானத்துக்கு எவன் வருவான் என்பது அவர்கள் பயம். நியூயார்க்கின் மூன்று அணிகளும் கூடிப் பேசி, 1934 முதல் 1938 வரை ஐந்து வருஷம் வானொலி ஒலிபரப்பே வேண்டாம் என்று கட்டுப்பாடு போட்டுக்கொண்டன. 1939-ல் ப்ரூக்லின் டாட்ஜர்ஸ் அணி அதை மீறியது. அதே ஆண்டு ஆகஸ்ட் 26-ல் அதன் மைதானத்திலிருந்துதான் முதல் தொலைக்காட்சி ஒளிபரப்பும் நடந்தது.

முதலாளிகள் பயந்தபடி ஆட்டம் அழிந்துபோகவில்லை. ஆண்டெனா வைத்தால் போதும், சந்தா கிடையாது, விளம்பரக் காசில் எல்லாம் ஓடியது. யான்கீஸ் ஆட்டங்கள் 1951 முதல் 1998 வரை நியூயார்க்கின் சேனல் 11-ல் வந்தன. மெட்ஸ் ஆட்டங்கள் 1962 முதல் 1998 வரை சேனல் 9-ல். சேனல் நம்பரும் அணியின் பெயரும் ஒன்றாகவே மனதில் பதிந்துவிட்டன.

சிகாகோ கப்ஸ் அணி இதற்கு இன்னும் நல்ல உதாரணம். 1948 முதல் டபிள்யூ.ஜி.என். என்ற உள்ளூர்ச் சேனல் அதைக் காட்டியது. அந்த அணியின் மைதானத்தில் 1988 வரை மின்விளக்கே கிடையாது. அங்கே நடந்த ஆட்டமெல்லாம் பகலில்தான். பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகள் பையைப் போட்டுவிட்டு டிவி முன்னால் உட்கார்ந்தார்கள். அந்தப் பிள்ளைகள்தான் பிற்பாடு டிக்கெட் வாங்கும் பெரியவர்கள் ஆனார்கள். இலவச ஒளிபரப்பு என்பது தர்மம் இல்லை. அடுத்த போகத்துக்கு எடுத்துவைத்த விதைநெல்.

அட்லாண்டாவில் டெட் டர்னர் ஒரு படி மேலே போனார். 1976-ல் ப்ரேவ்ஸ் அணியை வாங்கினார். அந்த வருஷக் கடைசியில் தன் உள்ளூர்ச் சேனலைச் செயற்கைக்கோள் வழியே நாடெங்கும் அனுப்பினார். தோற்றுக்கொண்டிருந்த ஒரு தென்னாட்டு அணிக்கு எங்கெங்கோ ரசிகர்கள் முளைத்தார்கள்.

கேபிள் வந்தது, கணக்கு மாறியது

விளம்பரத்தில் வருவதைவிடப் பெரிய பணம் கேபிளில் இருக்கிறது என்பதை அணிகள் 1980-களில் கண்டுகொண்டன. அந்தக் கணக்கைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

ஒரு விளையாட்டுச் சேனல், கேபிள் கம்பெனியிடம் வீட்டுக்கு மாதம் 2 டாலர் கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். கம்பெனிக்கு 30 லட்சம் வீடுகள். மாதம் 60 லட்சம் டாலர். வருஷத்துக்கு 7 கோடியே 20 லட்சம் டாலர். இதில் சூட்சுமம் என்னவென்றால், அந்தச் சேனல் அடிப்படைத் தொகுப்பில் இருந்தால் ஆட்டம் பார்க்கிறவரும் கட்டுகிறார், பேஸ்பால் என்றால் என்னவென்றே தெரியாத பாட்டியும் கட்டுகிறார். நம்ம வீட்டுக் கேபிள் பில்லிலும் பார்க்காத சேனலுக்கெல்லாம் காசு போன கதை நமக்குத் தெரியாததல்ல.

1988-ல் யான்கீஸ் அணி எம்.எஸ்.ஜி. என்ற கேபிள் சேனலோடு 12 வருஷத்துக்கு 48 கோடியே 60 லட்சம் டாலருக்கு ஒப்பந்தம் செய்துகொண்டது. பிறகு, அடுத்தவனுக்கு விற்பானேன் என்று 2002-ல் "யெஸ்" என்று சொந்தச் சேனலே தொடங்கியது. மெட்ஸ் 2006-ல் எஸ்.என்.ஒய். என்ற சேனலைப் பங்காளிகளோடு தொடங்கியது.

அப்படியானால் எல்லா ஆட்டத்தையும் சொந்தச் சேனலிலேயே வைத்துக்கொள்ள வேண்டியதுதானே? பல அணிகள் அப்படிச் செய்யவில்லை. பங்கீடு கல்யாண வீட்டுப் பந்தி மாதிரி நடந்தது. முதல் பந்தி தேசியச் சேனல்களுக்கு. அவை தமக்கே உரியதாக எடுத்துக்கொண்ட ஆட்டத்தை உள்ளூர்ச் சேனல் தொட முடியாது. அடுத்து, வருஷத்துக்கு இருபது, இருபத்தைந்து ஆட்டம் இலவசச் சேனலுக்கு. மீதி முழுக்கக் கேபிளுக்கு.

இலவசச் சேனலுக்குக் கொடுத்ததற்குக் காரணங்கள் உண்டு. ஒன்று, கேபிள் இல்லாத வீடுகளோடு உறவு அறுந்துவிடக் கூடாது. இன்னொன்று, கேபிள் சேனலில் இடநெருக்கடி. யெஸ் சேனலில் நெட்ஸ் கூடைப்பந்து அணியின் ஆட்டங்களும் உண்டு. ஏப்ரலில் இரண்டும் ஒரே இரவில் மோதிக்கொள்ளும். அப்போது ஒன்று வேறிடம் போக வேண்டும். விளம்பரதாரர்களுக்கும் கூடுதல் வீடுகள் கிடைக்கின்றன.

யான்கீஸின் இலவச ஆட்டங்கள் 2002 முதல் 2004 வரை சேனல் 2-லும், 2005 முதல் 2014 வரை சேனல் 9-லும், 2015 முதல் 2021 வரை பழைய சேனல் 11-லும் வந்தன. சேனல்தான் மாறியது. கேமரா, வர்ணனையாளர், தயாரிப்பு எல்லாம் யெஸ் சேனலுடையதே. மெட்ஸ் விஷயத்திலும் அதே. 2006 முதல் கேரி கோயன், கீத் ஹெர்னாண்டஸ், ரான் டார்லிங் மூவரின் குரல் இரண்டு சேனலிலும் ஒலித்தது. ஒரே சமையல், இரண்டு பாத்திரம்.

எல்லைக்குள் இருட்டு

இந்த ஏற்பாட்டின் கசப்பு, பேரம் முறியும்போதுதான் தெரியும். யெஸ் தொடங்கிய 2002-ல், கேபிள்விஷன் என்ற பெரிய கம்பெனி அதை எல்லாருக்குமான தொகுப்பில் சேர்க்க மறுத்தது. வேண்டுகிறவர்கள் மட்டும் தனியாகக் காசு கட்டட்டும் என்றது. சேனலோ சம்மதிக்கவில்லை. விளைவு, சுமார் 30 லட்சம் வீடுகள் அந்தப் பருவம் முழுக்க யெஸ் இல்லாமல் இருந்தன. சேனல் 2-ல் வந்த சில ஆட்டங்கள்தான் அவர்களுக்கு ஆறுதல்.

லாஸ் ஏஞ்சலஸில் நடந்தது இதைவிட மோசம். டாட்ஜர்ஸ் அணி டைம் வார்னர் கேபிள் கம்பெனியோடு 25 வருஷத்துக்கு 835 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டு, 2014-ல் தனிச் சேனல் தொடங்கியது. அந்த விலைக்கு மற்றக் கம்பெனிகள் மசியவில்லை. டைரக்டிவி 2020-ல்தான் இணங்கியது. இதற்கிடையே வின் ஸ்கல்லி ஓய்வு பெற்றுவிட்டார். 1950 முதல் 67 பருவங்கள் அந்த அணிக்கு வர்ணனை செய்தவர் அவர். 2016-ல் அவர் விடைபெற்றபோது கடைசிச் சில ஆட்டங்கள் மட்டும் இலவசச் சேனலிலும் வந்தன. அதற்கு முந்தைய மூன்று பருவங்களில் பாதிக்கும் மேற்பட்ட வீடுகளில் அவருடைய குரலை டிவியில் கேட்க வழியில்லை.

அயோவா மாநிலத்தின் கதை வேடிக்கையானது. அங்கே மேஜர் லீக் அணி ஒன்றுகூடக் கிடையாது. ஆனால் சுற்றியுள்ள ஆறு அணிகள் அதைத் தங்கள் எல்லை என்று உரிமை கொண்டாடின. எல்லைக்குள் இருப்பவருக்கு லீக்கின் இன்டர்நெட் ஒளிபரப்பில் அந்த அணிகளின் ஆட்டம் நேரலையாக வராது. உள்ளூர்க் கேபிளைக் காப்பாற்றப் போட்ட விதி அது. கேபிளிலும் அந்தச் சேனல் இல்லையென்றால்? ஆறு அணிக்குச் சொந்தக்காரர், ஒரு ஆட்டமும் இல்லாதவர்.

தலைகீழான கணக்கு

பாட்டியும் கட்டுகிறார் என்ற அஸ்திவாரத்தில்தான் எல்லாம் நின்றது. பாட்டி கேபிளைத் துண்டித்ததும் கட்டடம் ஆடத் தொடங்கியது. படமும் தொடரும் இன்டர்நெட்டில் கிடைத்ததும் லட்சக்கணக்கான வீடுகள் கேபிளை விட்டன. 2019-ல் சின்க்ளேர் நிறுவனம் 21 பிராந்திய விளையாட்டுச் சேனல்களை 960 கோடி டாலருக்கு வாங்கியது. அவற்றை நடத்திய அதன் கிளை நிறுவனம் 2023 மார்ச்சில் திவால் மனு கொடுத்தது.

அந்த மே மாதக் கடைசியில் சான் டியேகோ அணிக்குப் பணம் வராமல் போக, லீக்கே ஒளிபரப்பை எடுத்துக்கொண்டது. ஒரே நாளில் ஆட்டம் கிடைக்கும் வீடுகள் சுமார் 11 லட்சத்திலிருந்து 32 லட்சத்துக்கு மேல் ஆயின. ஆனால் வர வேண்டிய பணத்தில் 80 சதவீதத்துக்குத்தான் லீக் அந்த ஆண்டு உத்தரவாதம் தந்தது. பார்ப்பவர் கூடினால் காசு குறைகிறது. காசு கூடினால் பார்ப்பவர் குறைகிறார். இந்த இழுபறியின் சாரம் இதுதான்.

சேனல்கள் போய்ச் செயலிகள் வந்தாலும் பங்கீடு ஓயவில்லை. 2019-ல் யெஸ் சேனலில் பங்கு வாங்கிய அமேசான், 2022-ல் இலவசச் சேனலின் இடத்தைப் பிடித்து 21 யான்கீஸ் ஆட்டங்களை எடுத்துக்கொண்டது. அதே ஆண்டு ஆப்பிள் வெள்ளிக்கிழமை இரவுகளை வாங்கியது. அந்த செப்டம்பர் 23-ல் ஆரோன் ஜட்ஜ் 60 ஹோம் ரன்களோடு ரோஜர் மாரிஸின் 61 என்ற சாதனையைத் தொடக் காத்திருந்தார். ஆட்டமோ ஆப்பிளில் மட்டும். யெஸ் சேனலிலும் காட்டுங்கள் என்று மாநிலத் தலைமை வழக்கறிஞரே கேட்க வேண்டிவந்தது, பலன் இல்லை. அன்று ஜட்ஜ் ஹோம் ரன் அடிக்காததால் சர்ச்சை அடங்கியது.

இன்னொரு பக்கம், ஆண்டெனாவுக்கும் மதிப்பு திரும்பியிருக்கிறது. டெட் டர்னரின் பழைய அணியான ப்ரேவ்ஸ், 2025-ல் 15 ஆட்டங்களைக் கேபிளோடு சேர்த்து இலவசச் சேனல்களிலும் காட்டியது.

முடிவாக

நம் நாட்டில் 2007-ல் ஒரு சட்டம் வந்தது. தேசிய முக்கியத்துவம் வாய்ந்த ஆட்டங்களின் ஒளிபரப்பைத் தனியார் சேனல்கள் பிரசார் பாரதியோடு பகிர வேண்டும் என்றது. கையில் தூர்தர்ஷன் மட்டும் உள்ளவரும் பார்க்க வேண்டும் என்பது அதன் நோக்கம். அமெரிக்காவில் அப்படிச் சட்டம் இல்லை. அங்கே எத்தனை ஆட்டம் இலவசம் என்பதை அணியின் பணப்பையே தீர்மானிக்கிறது.

அங்கே போகிறவர்கள் அணியின் அட்டவணையில் தேதிக்குப் பக்கத்தில் போட்டிருக்கும் சேனல் பெயரைக் கவனித்தால் போதும், தேடி அலைய வேண்டாம். அந்தச் சின்ன எழுத்துகளுக்குள் ஒரு பேரம் முடிந்திருக்கிறது. பேரம் பேசியவர்கள் அன்றைய லாபத்தைப் பார்த்தார்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்து டிவியைப் போடும் பிள்ளையை யார் கணக்கில் சேர்த்தார்கள் என்பது இருபது வருஷம் கழித்து மைதானத்து நாற்காலிகளில் தெரியும். விதைநெல்லையும் சேர்த்து விற்றால் அந்த வருஷம் கை நிறையும்; மறுவருஷம் வயல் கேட்கும்.