ஒரே ஆங்கிலச் சொல்... ஊருக்கொரு அர்த்தம்! உஷார் மக்களே!

இரண்டாம் உலகப் போர் சமயம். பிரிட்டனும் அமெரிக்காவும் ஒரே அணி. ஒரு கூட்டத்தில், முக்கியமான ஒரு விஷயத்தை 'டேபிள்' செய்ய வேண்டும் என்றார்கள் பிரிட்டிஷ் அதிகாரிகள். கூடவே கூடாது என்றார்கள் அமெரிக்கர்கள். காரசாரமான வாக்குவாதத்துக்குப் பிறகுதான், இரு தரப்பும் கேட்டது ஒன்றையேதான் என்று தெரிந்தது! பிரிட்டனில் 'டேபிள்' என்றால் உடனே விவாதத்துக்கு எடுப்பது. அமெரிக்காவிலோ கிடப்பில் போடுவது. இதைத் தன் போர் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருப்பவர், வின்ஸ்டன் சர்ச்சில்.

அது வெறும் வாக்குவாதத்தோடு முடிந்தது. கொரியப் போரில் அப்படி முடியவில்லை.

1951 ஏப்ரல். இம்ஜின் ஆற்றங்கரையில் பிரிட்டனின் குளோஸ்டர் படைப்பிரிவைச் சீனப் படை சூழ்ந்துகொண்டது. நிலைமை 'ஸ்டிக்கி'யாக இருக்கிறது என்று தன் மேலதிகாரியான அமெரிக்க ஜெனரலிடம் சொன்னார் பிரிட்டிஷ் பிரிகேடியர் டாம் பிரோடி. எதையும் அடக்கிச் சொல்லும் பிரிட்டிஷ் பேச்சில், 'பெரிய ஆபத்து' என்று அதற்கு அர்த்தம். 'சிரமம்தான், ஆனால் சமாளிக்கிறார்கள்' என்று ஜெனரல் எடுத்துக்கொண்டதாகச் சொல்வார்கள். கடைசியில் 500-க்கும் மேற்பட்ட வீரர்கள் சிறைபிடிக்கப்பட்டார்கள். அந்த ஒரு சொல் மட்டுமே காரணமல்ல. ஆனாலும், சரியான நேரத்தில் உதவி கிடைக்காததற்கு அதுவும் ஒரு காரணமாக இன்றுவரை பேசப்படுகிறது.

சரி, நாம் எங்கே கவனமாக இருக்க வேண்டும்?

டவுட்: நமக்கு இது சந்தேகம், அதாவது கேள்வி. மீட்டிங்கில் 'ஐ ஹேவ் எ டவுட்' என்றால், 'நீங்கள் சொல்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை' என்று அமெரிக்கர் நினைக்கலாம். 'கொஸ்டின்' என்பதே நல்லது.

பாஸ்ட் அவுட்: நமக்குப் படிப்பு முடிந்தது. அமெரிக்கருக்கு நீங்கள் மயங்கி விழுந்துவிட்டீர்கள்!

ஃபர்ஸ்ட் ஃப்ளோர்: இங்கும் பிரிட்டனிலும் மாடி ஏற வேண்டும். அமெரிக்காவில் பெரும்பாலும் அது தரைத்தளம்தான்.

டேபிள்ஸ்பூன்: அமெரிக்க அளவு சுமார் 15 மி.லி, ஆஸ்திரேலிய அளவு 20 மி.லி. யூடியூப் பார்த்து கேக் செய்பவர்கள், சமையல் குறிப்பு எந்த நாட்டுடையது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பில்லியன்: இன்று நூறு கோடி. பழைய பிரிட்டிஷ் கணக்கில் லட்சம் கோடி! பிரிட்டன் அரசு 1974-ல்தான் நூறு கோடிக்கு மாறியது. பழைய புத்தகங்களில் இந்தச் சொல்லைப் பார்த்தால் கவனம்.

இலக்கணத்தில் தப்பு இருந்தால், கேட்பவருக்கே தெரிந்துவிடும். அர்த்தம் மாறினால் இருவருக்குமே தெரியாது, அதுதான் சிக்கல். அதனால் பணம், மருந்து, தேதி என்று முக்கியமான எதைப் பேசினாலும், 'நான் இப்படிப் புரிந்துகொண்டேன், சரிதானே?' என்று ஒருமுறை கேட்டுவிடுங்கள். அதில் கூச்சப்பட ஒன்றுமே இல்லை!