டோக்கியோ போறீங்களா? உவெனோவுக்குத் திங்கள்கிழமை வேண்டாம்!

டோக்கியோவில் ஒருநாள்தான் கையில் இருக்குன்னா, உவெனோ போங்க. ஆனா திங்கள்கிழமை வேண்டாம். பெரிய மியூசியங்களுக்கெல்லாம் பொதுவா அன்னைக்குத்தான் லீவு.

இந்தப் பூங்கா ஒருகாலத்தில் கனேஜி என்ற பௌத்தக் கோயிலின் வளாகம். 1868 உள்நாட்டுப் போரில் கோயிலின் பெரும்பகுதி எரிந்துபோக, 1873-ல் இடம் பூங்காவானது. ஷினோபாஸு குளத்து நடுவில் குடியிருக்கும் பென்சைட்டன் வேற யாருமில்லை, நம்ம சரஸ்வதிதான்! ஜூலை, ஆகஸ்ட்ல காலையிலேயே போனா குளமெல்லாம் தாமரை.

மேட்டுமேல பெரிய புத்தரின் முகம் மட்டும் தனியா இருக்கும். 1923 நிலநடுக்கத்தில் தலை விழுந்துடுச்சு. உடலைப் போர்க்காலத்தில் உலோகத்துக்காக எடுத்துட்டாங்க. ஜப்பானிய மொழியில் 'விழுவது', 'ஃபெயில் ஆவது' ரெண்டுக்கும் ஒரே சொல். 'இனிமே இவர் விழவே மாட்டார்'னு பரீட்சை எழுதுறவங்க இவர்கிட்டதான் வேண்டிக்கிறாங்க.