படகுச் சமையலறையில் கீழே தேங்கும் ஆபத்து

பள்ளி விடுமுறை வந்துவிட்டால், திரங்கானுவின் கென்யிர் ஏரிக்குப் போய்ப் படகு வீட்டில் இரண்டு மூன்று நாள் தங்கி, மீன் பிடித்துச் சமைத்துச் சாப்பிட்டு வருகிற குடும்பங்கள் நம்மில் உண்டு. அடுத்த முறை அப்படிப் போகும்போது, படகில் ஏறியவுடன் ஒரு கேள்வி கேளுங்கள்: "எரிவாயுத் தோம்பு எங்கே இருக்கிறது? அதிலிருந்து அடுப்புக்குக் குழாய் எப்படிப் போகிறது?"

வீட்டில் நாம் இதைக் கேட்பதில்லை. அடுப்படியில் சிறிது வாயு கசிந்தாலும் பின்கதவு வழியாக வெளியேற வாய்ப்புண்டு. ஆனால், படகின் அடிப்பாகம் நீர் புகாதபடி கட்டப்பட்ட ஒரு கிண்ணம். தண்ணீரை உள்ளே விடாத அதே கிண்ணம், வாயுவையும் வெளியே விடாது.

ஏன் என்பதை உங்கள் பிள்ளைகளோடு சேர்ந்து வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். ஆழமான கிண்ணம் ஒன்றில் குட்டையான மெழுகுவர்த்தியை ஏற்றி வையுங்கள். உயரமான கண்ணாடிக் குவளையில் ஒரு மேசைக்கரண்டி சோடா உப்பைப் போட்டு, அதன்மேல் கொஞ்சம் வினிகர் ஊற்றுங்கள். நுரை அடங்கியதும், திரவம் சிந்தாமல் குவளையை மெழுகுவர்த்தியின் மேல் மெல்லச் சாயுங்கள். கண்ணுக்கு எதுவும் தெரியாது. ஆனால் சுடர் அணைந்துவிடும். காற்றைவிடக் கனமான கரியமில வாயு தண்ணீரைப் போலவே வழிந்து கிண்ணத்தை நிரப்பியிருக்கிறது.

கரியமில வாயுவின் மூலக்கூற்று நிறை 44. சமையல் வாயுவில் இருக்கும் புரொபேனின் நிறையும் அதே 44தான். அதோடு கலந்திருக்கும் பியூட்டேனுக்கு 58. காற்றின் சராசரியோ 29. ஆக, நீங்கள் பார்த்த அதே வழிதலைத்தான் கசிகிற சமையல் வாயுவும் செய்கிறது. வேறுபாடு ஒன்றே: கரியமில வாயு நெருப்பை அணைக்கும், இது நெருப்புக்காகக் காத்திருக்கும்.

எவ்வளவு கசிந்தால் ஆபத்து? காற்றில் ஏறக்குறைய 2 முதல் 9 விழுக்காடு வரை இந்த வாயு கலந்திருந்தால் ஒரு சிறு பொறியே போதும். மூன்று மீட்டர் நீளமும் மூன்று மீட்டர் அகலமும் இரண்டு மீட்டர் உயரமும் உள்ள ஓர் அறையில் 18 கன மீட்டர் காற்று இருக்கும். அதில் 2 விழுக்காடு என்பது 0.36 கன மீட்டர். எடையில் ஒரு கிலோவுக்கும் குறைவு. நம் வீட்டுத் தோம்பிலோ 14 கிலோ இருக்கிறது. வாயு அறை முழுவதும் பரவாமல் தரையோடு தேங்கினால் இன்னும் குறைவான அளவே போதும். படகின் அடியில்தான் தண்ணீர் இறைக்கும் மின்பம்பும் இயந்திரத்தை முடுக்கும் மோட்டாரும் இருக்கின்றன. பொறிக்குப் பஞ்சமில்லை.

அடைபட்ட இடத்தில் எரிவாயு என்ன செய்யும் என்பதை 2023 ஆகஸ்ட் 26 அதிகாலையில் மதுரை கண்டது. நிறுத்தி வைக்கப்பட்டிருந்த சுற்றுலா ரயில் பெட்டிக்குள் விதியை மீறிக் கொண்டுவரப்பட்ட எரிவாயு உருளையால் தீப்பிடித்து 9 பேர் மாண்டனர். ரயில் பெட்டியிலிருந்தாவது தரையில் குதிக்கலாம். நடு ஏரியில் எங்கே குதிப்பது?

இதற்காகவே சிறு படகுகளின் எரிவாயு அமைப்புக்கு ஐஎஸ்ஓ 10239 என்ற அனைத்துலகத் தரவிதி இருக்கிறது. அதன் அடிப்படை எளியது. தோம்பு அறைக்குள் இருக்கக் கூடாது. திறந்த மேல்தளத்திலோ, உள்ளறைகளோடு தொடர்பில்லாத தனிப் பெட்டியிலோ நிமிர்ந்து, கட்டப்பட்டு நிற்க வேண்டும். அந்தப் பெட்டியின் அடியில் குறைந்தது 19 மில்லிமீட்டர் விட்டமுள்ள வடிகுழாய் படகுக்கு வெளியே திறக்க வேண்டும். கசிந்த வாயு தானாகவே வழிந்து வெளியேறிவிடும்.

அடுத்து, குழாய். ஒரு காகிதக் கவ்வியை முன்னும் பின்னும் வளைத்துக்கொண்டே இருங்கள். சிறிது நேரத்தில் முறிந்துவிடும். இயந்திரத்தின் அதிர்வு செப்புக் குழாய்க்குச் செய்வதும் அதையேதான், நாள் கணக்கில், ஓசையின்றி. எனவேதான் செப்புக் குழாயை அரை மீட்டருக்கு ஒரு பிடிப்பானால் இறுக்க வேண்டும். தடுப்புச் சுவரைத் துளைத்துச் செல்லும் இடத்தில் உராயாதபடி உறை போட வேண்டும். மின்கம்பியோடு சேர்த்துக் கட்டக் கூடாது. சூடான புகைபோக்கிக்கு அருகே கொண்டுபோகக் கூடாது. ரப்பர் குழாய் அடுப்பை இணைக்கத் தேவையான அளவுக்கு மட்டும், குட்டையாக இருக்க வேண்டும். குழாய் அமைப்பதைத் தகுதி பெற்றவரிடம் விடுங்கள்; சரிபார்ப்பதை நீங்களும் செய்யலாம். இணைப்புகளில் சோப்பு நீர் தடவுங்கள். குமிழி வந்தால் கசிவு. தீக்குச்சி கொளுத்திச் சோதிப்பவரிடமிருந்து விலகி நில்லுங்கள்!

வாடை வந்தால்? கசிவு தெரியவே அந்த வாடையைச் சேர்க்கிறார்கள். ஆனால், வாயு காலடியில் தேங்குவதால் நின்றுகொண்டிருப்பவரின் மூக்குக்கு அது தாமதமாகவே எட்டலாம். நெருப்பை அணைத்து, தோம்பை மூடுங்கள். எல்லாரையும் திறந்த தளத்துக்கு அழைத்து வாருங்கள். கதவு, சன்னல், தரைமூடிகளைத் திறந்துவிடுங்கள். எந்த மின்விசையையும் தொடாதீர்கள். பம்பையோ இயந்திரத்தையோ முடுக்காதீர்கள்.

சிம்பாங் அம்பாட்டில் இருக்கும் எங்களுக்குக் கோலா லிங்கி முகத்துவாரம் தொலைவில்லை. மீன்பிடிப் படகுகள் அங்கே வந்து போகின்றன. படகில் அடுப்பு வைத்திருக்கும் யாராவது உங்கள் உறவிலோ நட்பிலோ இருந்தால், இந்த வாரம் அந்த மெழுகுவர்த்திச் சோதனையை அவருக்கு ஒருமுறை செய்துகாட்டுங்கள். சுடர் அணைவதைப் பார்த்தவர் தோம்பை எங்கே வைப்பது என்று தாமே யோசிப்பார்.