தந்தையின் பெயரில் காப்புறுதி, மகனின் கையில் கார்

பிரித்தானியாவில் எம்மவர் பிள்ளைகளுக்குப் 17 வயது நிறைந்ததும் வீட்டில் எழும் கேள்வி கார் வாங்குவது பற்றியதன்று. அதற்குக் காப்புறுதி பெறுவது பற்றியதே. பழைய காரின் விலையைவிட முதலாண்டுக் கட்டணம் கூடுதலாயிருத்தல் இங்கு புதுமையன்று. முன்னர் பெண்பிள்ளைகளுக்குச் சற்றுச் சலுகை இருந்தது. ஐரோப்பிய நீதிமன்றத்தின் 2011ஆம் ஆண்டுத் தீர்ப்பையடுத்து, 2012 டிசெம்பர் 21 முதல் அதுவும் நீங்கிவிட்டது.

இச்சுமையைக் குறைக்க எம்மிடையே ஓர் உபாயம் வழங்குவதை நாம் அறிவோம். தந்தையைப் பிரதான சாரதியாகக் காட்டி, மகனை இரண்டாவது சாரதியாகச் சேர்ப்பதே அது. தந்தைதான் பெரும்பாலும் ஓட்டுகிறார் எனில் தவறில்லை. அவர் பஸ்ஸில் வேலைக்குச் செல்ல, மகனே நாள்தோறும் காரை எடுத்துச் செல்வானாயின் அது மோசடி. விபத்து நேரும்வரை எவரும் கேட்பதில்லை. நேர்ந்த பின் காப்புறுதி இரத்தாகலாம். அடுத்த நிறுவனம் கேட்கும்போது அதனை மறைக்கவும் இயலாது.

மாலையில் உணவு விநியோகம் செய்யும் இளைஞர் நிலையும் இத்தகையதே. சொந்தப் பாவனைக்கான சாதாரண காப்புறுதி, கூலிக்குப் பொருள் கொண்டு செல்வதற்குச் செல்லாது. கடைக்காரர் இதைச் சொல்வதில்லை. பிட்ஸா ஆறுமுன் சேரவேண்டும் என்பதை மட்டும் சொல்வார்.

அவசரத்துக்கும் விலையுண்டு. 30 மைல் வேகத்தில் செல்லும் கார் நிற்க 23 மீற்றர் வேண்டும். 40 மைலாயின் 36 மீற்றர். 1997 யூன் 1 முதல் நடைமுறையிலுள்ள சட்டப்படி, முதன்முறை சித்தியெய்தி இரண்டாண்டுகளுக்குள் ஆறு தண்டப் புள்ளிகள் பெறுபவரின் அனுமதிப்பத்திரம் பறிபோகும். எழுத்துப் பரீட்சை, ஓட்டப் பரீட்சை இரண்டுக்கும் மீளத் தோற்றவேண்டும். மிகைவேகத்துக்குப் புள்ளி வழங்கப்பட்டால் ஆகக் குறைந்தது மூன்று. காப்புறுதியின்றிப் பிடிபட்டாலோ ஒரே தடவையில் ஆறு. அத்துடன் 300 பவுண் தண்டம். காரையும் பொலிஸார் எடுத்துச் செல்லலாம்.

காப்புறுதியற்ற காரால் காயமுற்றவருக்கு மோட்டார் காப்புறுதியாளர் பணியகம் நட்டஈடு வழங்கும். பின்னர் அத்தொகையைச் சாரதியிடமே கோரும். ஏஜென்சிக்காரருக்குக் கொடுக்க வாங்கிய கடனையே இன்னும் அடைக்காத குடும்பங்கள் இதை எவ்வாறு தாங்கும்?

கட்டணத்தை நேர்வழியில் குறைக்க விரும்புவோர் காரில் கறுப்புப் பெட்டி பொருத்தச் சம்மதிக்கலாம். வேகம், பிரேக் அழுத்தும் விதம், ஓட்டும் நேரம் யாவும் அதில் பதிவாகும். பிள்ளைகள் முகஞ்சுளிப்பர், பெற்றோர் சற்று உறங்குவர்.

இலங்கை அனுமதிப்பத்திரத்துடன் வந்தோர் கவனிக்க: பிரித்தானியாவில் வதிவிடம் தொடங்கியதிலிருந்து 12 மாதங்களுக்கே அதனைக்கொண்டு கார் ஓட்டலாம்.