சீமையில் ஒரு பழைய மோட்டார்

அவிநாசிபாளையம் நாற்சந்தியில் ஒரு நாழிகை நேரம் நின்றால் கொங்கு நாட்டின் தொழில் முழுவதும் கண்முன்னே போய்விடும். கோயமுத்தூரிலிருந்து பல்லடம், காங்கயம், கரூர் வழியாகத் திருச்சிக்குப் போகும் சாலையும், திருப்பூரிலிருந்து தாராபுரம் போகும் சாலையும் அங்கே சந்திக்கின்றன. பனியன் பெட்டிகள் ஏற்றிய லாரி ஒரு புறம், காங்கயத்து அரிசி மூட்டைகள் ஒரு புறம், தேங்காய் பாரம் ஒரு புறமாக விரைந்துகொண்டிருக்கும். அங்கேயுள்ள தேநீர்க் கடையொன்றில் நமது நண்பர் ஒருவரைச் சந்தித்தோம். அவர் பின்னலாடை ஏற்றுமதி செய்பவர்; வருஷத்துக்கு இரண்டு முறை இங்கிலாந்துக்குப் போய் வருகிறவர்.

நண்பர் தம் கைப்பேசியை எடுத்து ஒரு படத்தைக் காட்டினார். குழந்தையின் படத்தைக் காட்டுகிறவர் முகத்தில் தோன்றும் மகிழ்ச்சி அவர் முகத்தில் இருந்தது. படத்தில் இருந்ததோ சிவப்பு வர்ணம் பூசிய, மேல் மூடியில்லாத, இரண்டே ஆசனங்கள் கொண்ட ஒரு மோட்டார் வண்டி.

"எம்.ஜி.பி. வண்டிங்க. 1969-இலே பதிவானது. போன மாசம் போனப்ப ஒருத்தர் ஓட்டிப் பாக்கச் சொன்னாருங்க. அன்னையிலிருந்து தூக்கமில்லீங்க. அங்கே வாங்கி இங்கே கொண்டாந்துரலாமுங்களா? நீங்க நாலு விஷயம் விசாரிச்சுச் சொல்லோணும்" என்றார்.

விசாரித்தோம். விசாரித்ததை நேயர்களுக்கும் சொல்லிவிடுகிறோம். இந்த ஆசை நமது நண்பர் ஒருவருக்கு மட்டும் உரியதல்ல என்பது நமக்குத் தெரியும்.

வண்டியின் பூர்வீகம்

எம்.ஜி. என்பது மாரிஸ் கராஜஸ் என்பதன் சுருக்கம். ஆக்ஸ்போர்டு நகரில் மாரிஸ் கார்களை விற்றுப் பழுது பார்த்து வந்த அந்த ஸ்தாபனத்தில், ஸெஸில் கிம்பர் என்பவர் சாதாரண மாரிஸ் வண்டிகளையே சற்று மாற்றி, வேகமும் அழகும் உள்ளவையாகச் செய்யத் தொடங்கினார். 1929 முதல் 1980 வரையில் ஆபிங்டன் என்னும் சிற்றூரில் எம்.ஜி. தொழிற்சாலை நடைபெற்றது. எம்.ஜி.பி. என்னும் வகை 1962-இல் பிறந்து 1980 வரையில் வந்தது. ஐந்து லட்சத்துக்கு மேற்பட்ட வண்டிகள் வெளியாயின. ஆகவே இது ராஜாக்களுக்கென்று செய்த ரதமல்ல. அந்நாட்டுக் குமாஸ்தாவும் பள்ளி ஆசிரியரும் மிச்சம் பிடித்து வாங்கிய வண்டி. உதிரி பாகங்கள் இன்றைக்கும் தாராளமாகக் கிடைக்கின்றன. உடற்கூட்டை முழுதாகவே புதிதாகச் செய்தும் விற்கிறார்கள்.

இது சௌகரியம், ஆனால் இதிலேயே ஓர் அபாயமும் இருக்கிறது. இந்த வண்டிக்குத் தனிச் சட்டம் கிடையாது; உடலே சட்டமாக நின்று பாரத்தைத் தாங்குகிறது. கதவுக்குக் கீழே ஓடும் விளிம்புப் பெட்டி துருப்பிடித்துவிட்டால், மேலே எவ்வளவு பளபளப்பாக வர்ணம் பூசியிருந்தாலும் வண்டி முதுகெலும்பு முறிந்ததுதான். இங்கிலாந்தின் குளிர்காலச் சாலைகளில் உப்புத் தூவுவார்கள் என்பதை மறக்கலாகாது. வாங்குகிறவர் படத்தைப் பார்த்துப் பணம் அனுப்பாமல், வண்டிக்கு அடியில் ஒரு நிபுணரைப் படுக்க வைத்துப் பார்க்கச் சொல்ல வேண்டும். கெய்டன் என்னுமிடத்தில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் மியூசியத்தில் கேட்டால், குறிப்பிட்ட வண்டி எந்த நாளில், எந்த வர்ணத்தில், எந்த எஞ்சினோடு தொழிற்சாலையை விட்டு வெளிவந்தது என்று பழைய ஏடுகளைப் பார்த்து அத்தாட்சிப் பத்திரம் தருகிறார்கள்.

வாங்குவது எளிது, வைத்திருப்பது?

அயல் நாட்டார் இங்கிலாந்தில் கார் வாங்கக் கூடாது என்று சட்டம் ஒன்றும் இல்லை. பணத்தைக் கொடுத்து ரசீது பெற்றால் வண்டி நம்முடையதுதான். சங்கடம் அதற்கப்புறமே ஆரம்பமாகிறது. அந்நாட்டுப் பதிவுப் புத்தகம் வண்டியை வைத்திருப்பவர் யார் என்று சொல்லுமே தவிர, சொந்தக்காரர் யார் என்பதற்கு அது சாட்சியாகாது. அந்தப் புத்தகத்தில் எழுத அந்நாட்டு விலாசம் ஒன்று வேண்டும். அவிநாசிபாளையம் விலாசம் அங்கே செல்லாது. சிநேகிதர் வீட்டு விலாசத்தைக் கொடுத்தால், அபராதச் சீட்டும் வரி நோட்டீஸும் அந்தச் சிநேகிதரைத் தேடிப் போகும். சிநேகம் எத்தனை நாள் தாங்கும் என்பது அவரவர் யோசிக்க வேண்டிய விஷயம்.

நாற்பது வருஷம் கடந்த வண்டிகளுக்கு அந்நாட்டில் சாலை வரி இல்லை; பெரிய மாற்றம் செய்யப்படாதவையானால் வருஷாந்தரப் பரீட்சையும் இல்லை. ஆனால் இன்ஷூரன்ஸ் விஷயத்தில் மட்டும் கிழ வண்டிக்கும் தயவு கிடையாது. இந்திய லைசென்ஸைக் கொண்டு அங்கே பன்னிரண்டு மாதம் வண்டி ஓட்டலாம் என்பது உண்மை. எனினும் அந்த ஊரில் குடியிராதவருக்குப் பாலிஸி கொடுக்கக் கம்பெனிகள் தயங்குகின்றன. இதையெல்லாம் விலை பேசுமுன் கேட்டுக்கொள்வதே விவேகம்.

பணம் போகும் வழி

இங்கேதான் நமது நண்பரிடம் சற்றுக் கடுமையாகவே பேசினோம். "அங்கே சரக்கு வாங்குறவர் நமக்குப் பணம் தரோணுமுங்க. அதிலே கழிச்சுக்கிட்டு அவரையே வண்டிய வாங்கச் சொன்னா என்னுங்க?" என்று கேட்டார். வேண்டவே வேண்டாம் என்றோம். ஏற்றுமதி செய்த சரக்கின் கிரயம் குறித்த கெடுவுக்குள் பாங்கி மூலம் தாய்நாட்டுக்கு வந்து சேர வேண்டும் என்பது அந்நியச் செலாவணிச் சட்டம். அந்தப் பணம் வண்டியாக உருமாறி ஆக்ஸ்போர்டில் நின்றால், ஒரு சிவப்பு மோட்டாருக்காக இருபது வருஷத்து நாணயம் பறிபோகும்.

நேர்வழி இருக்கிறது. ரிஸர்வ் பாங்கி 2004-இல் ஏற்படுத்திய தாராளப் பணம் அனுப்பும் திட்டத்தின்படி, இந்தியாவில் வசிக்கும் ஒருவர் தமது சொந்தப் பணத்தில் வருஷத்துக்கு 2,50,000 டாலர் வரையில் வெளிநாட்டுக்கு அனுப்பலாம். இம்மாதிரிச் செலவுக்குப் பத்து லட்சம் ரூபாய்க்கு மேல் அனுப்பும் தொகையில் 20 சதவிகிதம் வரியாகப் பிடிப்பார்கள். அதை வருமான வரிக் கணக்கில் ஈடு செய்துகொள்ளலாம்.

துறைமுகத்தில் காத்திருக்கும் கணக்கு

முன்னெல்லாம் 1950-க்கு முன் செய்த வண்டிகளைத்தான் பழம்பெரும் வண்டிகள் என்று லைசென்ஸ் இன்றி உள்ளே விட்டார்கள். 2025-இல் விதி தளர்ந்தது. ஐம்பது வயது நிரம்பிய வண்டிகளும் வரலாம் என்றார்கள். ஆகவே நண்பரின் 1969-ஆம் வருஷத்து வண்டிக்குக் கதவு திறந்திருக்கிறது. ஆனால் கதவடியில் வரி வசூலிப்பவர் உட்கார்ந்திருக்கிறார்!

வண்டியின் விலை, கப்பல் கூலி, கடல் இன்ஷூரன்ஸ் எல்லாம் சேர்ந்து நூறு ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பழைய கார்களுக்கு விதிக்கும் 137.50 சதவிகிதச் சுங்கத்தைக் கூட்டினால் 237.50 ரூபாய். எம்.ஜி.பி.யின் எஞ்சின் 1,798 ஸி.ஸி.; 1,200 ஸி.ஸி.க்கு மேற்பட்ட பெட்ரோல் கார்களுக்கு 2025 செப்டம்பர் முதல் ஜி.எஸ்.டி. 40 சதவிகிதம். அது 95 ரூபாய். ஆக 332.50 ரூபாய். ஒரு வண்டி வாங்கினால் மூன்று வண்டிக்கு மேல் விலை! வரி விகிதங்கள் மாறக் கூடியவை. கப்பலில் ஏற்றுமுன் சுங்க ஏஜெண்டிடம் எழுத்து மூலம் கேட்டுக்கொள்வது நல்லது.

இத்தனையும் கொடுத்து வந்த வண்டியில் ஏறித் தாராபுரம் சந்தைக்குப் போகலாமா? கூடாது. 2021-இல் வந்த விதிகளின்படி, ஐம்பது வருஷம் கடந்த இம்மாதிரி வண்டிகளுக்கு 'வி.ஏ.' என்னும் எழுத்துக்கள் கொண்ட தனிப் பதிவு உண்டு; கட்டணம் 20,000 ரூபாய். அப்படிப் பதிவான வண்டி கண்காட்சி, பழைய கார்களின் ஊர்வலம், ஆராய்ச்சி, பெட்ரோல் போடுதல், பழுது பார்த்தல் ஆகியவற்றுக்குத்தான் சாலையில் இறங்கலாம். குறுக்கு வழி தேடுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: பூட்டான் வழியாக முறைகேடாக வந்தவை என்று சந்தேகித்து, 2025 செப்டம்பரில் சுங்க இலாகாவினர் கேரளத்தில் பல வீடுகளில் சோதனையிட்டுக் கார்களைக் கைப்பற்றினார்கள்.

வேறொரு வழி

நிற்க. நமது பக்கத்தில் ஜி.டி. நாயுடுவின் கதையை அறியாதவர் இல்லை. வெள்ளைக்கார அதிகாரி ஒருவரின் மோட்டார் சைக்கிளைக் கண்டு மயங்கி, ஹோட்டலில் வேலை பார்த்துக் காசு சேர்த்து, அதை வாங்கினார். வாங்கியதும் அவர் ஊரைச் சுற்றி வரவில்லை. அக்கக்காகக் கழற்றிப் பார்த்துத் திரும்பப் பூட்டினார். அந்தக் கைகள்தாம் பின்னர் 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பஸ் ஓட்டின. கோயமுத்தூர் கரிவரதன், மாருதி எஞ்சினை வைத்தே பந்தயக் கார்கள் செய்து இளைஞர்களைப் பழக்கினார். அந்நிய இயந்திரம் நம்முடையதாவது பணம் கொடுத்த அன்றல்ல. அதன் உள்ளே நம் கை புகுந்த அன்றுதான்.

இதைச் சொன்னபோது நண்பர் சிறிது நேரம் பேசாமலிருந்தார். பிறகு, "எங்க அய்யன் வச்சிருந்த ஹெரால்டு தோட்டத்துச் சாளையிலே நிக்குதுங்க. அவர் காலமானதுக்கப்புறம் யாரும் தொடலீங்க" என்றார்.

நாம் நிமிர்ந்து உட்கார்ந்தோம். ஸ்டாண்டர்டு ஹெரால்டு சென்னையில் 1961 முதல் செய்த வண்டி. சீமையில் அதன் பெயர் டிரையம்ப் ஹெரால்டு. அதன் சட்டத்தையே குறுக்கி அமைத்ததுதான், எம்.ஜி. மிட்ஜெட்டுக்குப் போட்டியாக 1962-இல் வந்த ஸ்பிட்ஃபயர் என்னும் பந்தய ஜாதி வண்டி. இரண்டுக்கும் உருவம் வரைந்தவர் மிக்கெலோட்டி என்னும் ஒரே இத்தாலியர். நண்பர் சீமையில் தேடிய குலத்தின் ரத்த பந்து அவர் தோட்டத்திலேயே கோழிகளுக்கு நிழலாக நின்றுகொண்டிருந்தது!

மூன்று மாதம் கழித்து நண்பர் டெலிபோனில் கூப்பிட்டார். முன்புறம் முழுவதும் ஒரே மூடியாகத் தூக்கித் திறக்கும் அந்த வண்டியைத் திறந்தபோது உள்ளே குருவிக் கூடு இருந்ததாம். பதிவுப் புத்தகம் தாயாரின் டிரங்குப் பெட்டியில் பட்டுப்புடவைக்கு அடியில் அகப்பட்டதாம். ஹெரால்டு ஓடிய காலத்து மேஸ்திரி ஒருவர், எழுபத்தைந்து வயதில், தம் பேரனைக் கூட்டிக்கொண்டு தினமும் வருகிறாராம். எஞ்சின் இன்னும் உயிர் பெறவில்லை.

"அப்படியானால் சிவப்பு வண்டி?" என்று கேட்டோம்.

"அடுத்த தடவை போறப்ப இன்ஷூரன்ஸோட வாடகைக்கு எடுத்து ரெண்டு நாள் ஓட்டிக்கிறனுங்க. வரும்போது ஹெரால்டுக்கு வேண்டிய சாமான் ஒரு பெட்டி வாங்கியாறேன். அதுக்கு உண்டான வரியக் கட்டிப்போடலாமுங்க" என்றார். சற்று நிறுத்தி, "அம்மா தினமும் சாயந்திரம் சாளைக்கு வந்து உக்காந்து பாக்குறாங்க. முன்னெல்லாம் அந்தப் பக்கமே வர மாட்டாங்க" என்று சொல்லி முடித்தார்.