பச்சைக் கதிர்க்குருவியை இனங்காணும் முறை

குளிர்காலத்தில் நமது நாட்டிற்கு வலசை வரும் பறவைகளுள் மிகச் சிறியனவற்றில் ஒன்று பச்சைக் கதிர்க்குருவி. விஞ்ஞானிகள் இதனைப் பைலோஸ்கோபஸ் ட்ரோகிலாய்டீஸ் என்று அழைப்பர். இதன் நீளம் சுமார் 10 சென்டிமீட்டர். எடை 10 கிராமுக்கும் குறைவு. கோடையில் இமயமலைக் காடுகளிலும், வடமேற்கே பால்டிக் கடல் வரை பரந்த வனங்களிலும் இது குஞ்சு பொரிக்கிறது. ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களில் இந்தியச் சமவெளிகளுக்கு வரத் தொடங்கி, ஏப்ரல், மே மாதங்களில் திரும்பிச் செல்கிறது. காடுகளில் மட்டுமன்றி, தோப்புகளிலும் பள்ளி வளாகத்து மாமரங்களிலும் இதனைக் காணலாம். இலைகளிலுள்ள சிறு பூச்சிகளே இதன் உணவு.

அடையாளங்கள்: மேற்புறம் சாம்பல் கலந்த பசுமை, அடிப்புறம் மங்கிய வெண்மை. கண்ணுக்கு மேலே நீண்ட வெளிர்மஞ்சள் புருவக்கோடு உண்டு. கீழலகு வெளிறியது, கால்கள் பழுப்பு. சிறகில் மெல்லிய வெளிர்க்கோடு ஒன்று காணப்படும். எனினும் இக்கோடு இறகுகளின் நுனியில் அமைந்திருப்பதால், நாளடைவில் தேய்ந்து மறைந்துவிடக்கூடும். ஆகவே இதனை மட்டும் நம்பி முடிவு செய்தல் தவறாகும்.

ஒத்த பறவைகள்: தையற்சிட்டுக்குச் செந்நிற நெற்றியும் நிமிர்ந்த வாலும் உண்டு, அதனை எளிதில் விலக்கிவிடலாம். டிக்கெல் கதிர்க்குருவியின் அடிப்புறம் நல்ல மஞ்சள். சிறகில் கோடு இல்லை. பெரிய அலகுடைய கதிர்க்குருவியே மிகவும் மயக்கம் தருவது. அது சற்றுப் பெரியது. தலை கருமை மிக்கது. சிறகில் பெரும்பாலும் இரு கோடுகள் தெரியும்.

இவ்விரண்டையும் பிரித்தறியக் குரலே சிறந்த சான்று. பச்சைக் கதிர்க்குருவி 'சிஸ்-வீ' என இரண்டு அசைகளையும் இணைத்து ஒலிக்கும். மற்றதன் குரலில் இரு சுரங்களும் தனித்தனியே தெளிவாகக் கேட்கும். இரண்டாவது சுரம் உயர்ந்திருக்கும்.

பச்சைக் கதிர்க்குருவி குளிர்காலத்தில் தனக்கென ஓர் எல்லையை வகுத்துக்கொண்டு, குரல் கொடுத்துப் பிறவற்றை விலக்குகிறது. எனவே ஒரே மரத்தை நாள்தோறும் கவனிக்குமாறு ஆசிரியர்கள் மாணவர்களைப் பழக்கலாம். முதல் நாள் ஐயத்திற்கு இடமானது மறுவாரம் தெளிவுறும்.

களப்பணியாளர் முதலில் குரலையும், பின்னர் சிறகுக்கோடு, புருவக்கோடு, அடிப்புற நிறம் ஆகியவற்றையும், தேதி, இடம், மரம் ஆகிய விவரங்களுடன் உடனே குறித்துக்கொள்ள வேண்டும். குரல் கேட்கவில்லையாயின், 'கதிர்க்குருவி, இனம் தெளிவில்லை' என எழுதுவதே முறை. இப்பறவை வரும் நாளும் செல்லும் நாளும் பருவங்களின் போக்கோடு மாறுகின்றனவா என்பதைப் பல்லாண்டுக் குறிப்புகளைக் கொண்டே அறிய இயலும். அத்தகைய ஏட்டில் விடுபட்ட ஒரு பதிவைவிடப் பிழையான ஒரு பதிவே அதிகக் கேடு விளைவிக்கும்.